கோயிலில் பட்ட காயம்: தமிழ்க் கிறிஸ்தவத்தில் சாதியும் ஐந்து பதில்களும்

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர். 1870களின் தொடக்கத்தில் அங்கே எழுந்த கத்தோலிக்கக் கோயிலில் பீடம் ஒன்று, மக்கள் கூடும் மண்டபம் இரண்டு. கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரிந்து கிடந்த மண்டபங்கள் பீடத்தருகே வந்து சேர்ந்தன. இடையில் சுவர். வெள்ளாளர் முதலியோர் ஒரு மண்டபத்தில், நாடார் முதலியோர் மறு மண்டபத்தில். பூசை வைக்கும் குருவானவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கத்தார் மறு பக்கத்தாரைப் பார்க்க முடியாது. ஒரே அப்பம்தான், ஆனால் அதை வாங்க நீளும் கைகள் ஒன்றையொன்று காணாதபடி கட்டப்பட்ட கோயில் அது.

கடவுளின் வீடு என்று நம்பி வந்த இடமே ஒருவரைத் தாழ்த்தி நிறுத்தினால் அவர் என்ன செய்வது? தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் நானூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். பொறுத்திரு என்றவர்கள் உண்டு. பிரிந்து போனவர்களும், உள்ளேயே இருந்து மோதியவர்களும் உண்டு. அண்மைக் காலத்தில் மனநலத் துறையும், திருச்சபைகளைக் கூண்டில் ஏற்றிய விசாரணை ஆணையங்களும் புதிய பதில்களைச் சேர்த்திருக்கின்றன. இவை எங்கிருந்து வந்தன, எதைச் சாதித்தன, எங்கே தடுமாறின என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் எல்லைக்கோடு. சபைகளில் ‘மனஸ்தாபம்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. பாடகர் குழுவில் இடம் கிடைக்காதது முதல் தேர்தல் தகராறு வரை எல்லாவற்றையும் அது சுட்டும். இங்கே பேசப்படுவது அதுவன்று. ஒருவர் யாராகப் பிறந்தார் என்பதற்காக, வழிபாட்டின் ஒழுங்காகவே, தலைமுறை தலைமுறையாகத் தரப்படும் அவமானம். சிற்றூர்க் கிறிஸ்தவருக்குச் சபை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மட்டுமல்ல. ஞானஸ்நானச் சான்றும் பிள்ளைகளின் பள்ளியும் சில வேளை பிழைப்பும், இறுதியில் ஆறடி மண்ணும் அங்கிருந்தே வருகின்றன. ஆகவே அங்கே பட்ட காயத்தை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் ஆற்றுவது எளிதாக இல்லை.

காயம் எப்படி ஒழுங்கானது?

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, சாதி சமூக வழக்கமே தவிர மதக் கொள்கை அன்று என்று வாதிட்டார். பூணூல், சந்தனம் போன்றவற்றைக் கிறிஸ்தவராகும் உயர்சாதியார் விட வேண்டியதில்லை என்ற அவர் நிலைப்பாட்டை 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு ஏற்றார். பண்பாட்டை மதித்த அணுகுமுறை என்று இதைப் புகழ்வோர் இன்றும் உண்டு. ஆனால் சந்நியாசியாக வாழ்ந்த குரு தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்கு வெளிப்படையாகப் போக முடியவில்லை. அவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் வரிசை பின்னர் உருவானது. இப்படியாக, உள்ளே நுழையும்போதே வாசல் இரண்டாகிவிட்டது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகள் சாதியை விரும்பவில்லை; ஆனாலும் இடம் கொடுத்தார்கள். 1718இல் அர்ப்பணிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிப்படியே இருக்கை அமைந்தது. 1733இல் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்ற ஆரோன் வெள்ளாளர். தஞ்சைப் பகுதியில் பலரைச் சபைக்குக் கொண்டுவந்த உபதேசியார் ராஜநாயக்கன் பறையர். அவரையும் போதகராக்கலாமா என்று மிஷனரிகள் ஆலோசித்துக் கைவிட்டார்கள். அவர் கையால் மற்ற சாதியார் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற அச்சமே தடையாக நின்றது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ராஜநாயக்கன் கையிலிருந்து அப்பம் வாங்கினால் மற்றவர் மனம் புண்படும் என்பது கணக்கில் ஏறியது. அப்பம் கொடுக்கும் உரிமை மறுக்கப்பட்டால் ராஜநாயக்கன் மனம் புண்படும் என்பது அதே எடையில் ஏறவில்லை. பின்னால் வந்த பல பதில்களின் கோணலும் இங்கேதான் தொடங்குகிறது.

யாருடைய வலி கேட்டது?

கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833இல் அனுப்பிய சுற்றறிக்கை, சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுமையாக ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டது. சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டு விலகினார்கள். சாதியிடம் மென்மை காட்டிய ஜெர்மானிய லைப்சிக் மிஷனில் பின்னர் சேர்ந்தவர்களும் உண்டு.

இந்தப் பூசலுக்கு முன்பே, 1820களில், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதிவந்தார். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், பண்டிகையில் பூவை விலக்குகிறார்கள், தமிழ்ப் பாடல்களை ஒதுக்குகிறார்கள், சாதி முறையைக் குலைக்கிறார்கள் என்பவை அவருடைய மனக்குறைகள். தமிழில் ஆண்டவரைப் பாடியவரின் பாட்டை அந்நியர் ஒருவர் நிறுத்தும்போது எழும் வேதனையைப் போலி என்று தள்ள முடியாது. ஆனால் அதே முறையீட்டில் தாழ்த்தப்பட்டவரோடு கலந்து உட்கார நேர்ந்த வேதனையும் இருக்கிறது.

ஆய்வாளர் இங்கே தயங்க வேண்டியிருக்கிறது. சபை தந்த வலியைப் பேசும் எழுத்துகள் பலவும் வலி என்பதையே சான்றாகக் கொள்கின்றன. புண்பட்டிருக்கிறேன், ஆகவே எனக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பதே அவற்றின் தர்க்கம். தஞ்சை வரலாறு இதை உடைக்கிறது. மேலே இருந்தவர் தம் மேலிடத்தை இழக்கும்போதும் வலிக்கிறது. அந்த வலியும் உண்மையானது. வலியை மதிப்பது ஒரு வேலை, அதை நியாயத்தின் தராசில் வைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக்கினால், உரக்கக் கத்தத் தெரிந்தவரின் காயமே பெரிய காயமாகிவிடும்.

முதல் பதில்: பொறுத்திரு

மிகப் பழைய பதில் இது. மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வரும் கோதுமையும் களையும் உவமை இதற்கு அடிப்படை. வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர்கள், கறைபட்ட குருமாரின் சபை சபையே அன்று என்று பிரிந்தார்கள். திருச்சபை என்பது நல்லோரும் தீயோரும் கலந்த வயல், அறுவடை வரை பொறுக்க வேண்டும் என்று புனித அகுஸ்தீன் அவர்களுக்கு மறுமொழி சொன்னார். 411இல் கார்த்தேஜில் நடந்த மாநாடு அகுஸ்தீன் தரப்புக்கே சாதகமாக முடிந்தது.

இந்தப் பதிலில் ஓர் ஆறுதல் இருக்கிறது. கொடுக்கும் கை அழுக்கானாலும் நற்கருணை அழுக்காவதில்லை என்றால், காயப்பட்டவர் தம் கடவுளைக் காயப்படுத்தியவரிடம் விட்டுவிட்டு வரவேண்டியதில்லை. சுவருக்கு எந்தப் பக்கம் நின்றாலும் பீடம் தமக்கும் உரியது என்ற நம்பிக்கையோடு தலைமுறைகளாக மக்கள் நின்றிருக்கிறார்கள்.

குறை எங்கே? இரண்டு இடங்களில். மத்தேயு 18ஆம் அதிகாரம் ஒரு நடைமுறை சொல்கிறது: தவறிய சகோதரனிடம் முதலில் தனியே பேசு, பிறகு சாட்சிகளோடு போ, பிறகு சபையிடம் சொல். தவறு செய்தது சபையேயானால் அடுத்த படி எது என்று அது சொல்லவில்லை. இரண்டாவது, பலவீனமான விசுவாசியின் மனம் இடறாதபடி பலமுள்ளவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற பவுலின் அறிவுரை தலைகீழாகப் பயன்பட்டது. தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை 1857 சினட்டில், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு வெள்ளையரும் மற்றவரும் தனித்தனியே வழிபடலாம் என்று அனுமதித்தது. நிலமும் துப்பாக்கியும் கொண்டவர்கள் அங்கே ‘பலவீனர்’ ஆனார்கள். தரங்கம்பாடிக் கணக்கும் இதே வகைதான். பலவீனர் யார் என்று தீர்மானிக்கும் உரிமை பலமுள்ளவரிடம் இருக்கும்வரை, பொறுமை ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே விதிக்கப்படும் வரியாகிவிடுகிறது.

இரண்டாம் பதில்: பிரிந்து போ

அதே 1857இல் திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை ஆங்கிலிக்கன் மிஷனை விட்டுப் பிரிந்து இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். மிஷனரியோடு நேர்ந்த மோதல் ஒரு காரணம். ராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட சாணார்கள் (நாடார்கள்) பற்றிய நூல் அச்சமூகத்தைத் தாழ்த்தி எழுதியது என்ற கொதிப்பு இன்னொரு காரணம். ஐரோப்பியப் பழக்கங்களை உதறி, சனிக்கிழமை ஓய்வுநாளும் சாம்பிராணியும் தரையில் அமர்ந்த தொழுகையுமாக அவர் தம் வழிபாட்டை அமைத்துக்கொண்டார். வேதாகமம் கையில் இருந்தது, வெள்ளைக்காரர் மேலாட்சி போயிற்று.

இன்னும் தூரம் போனவர் கேரளத்தின் பொய்கையில் யோகன்னான். பறையர் குடும்பத்தில் பிறந்து மார்த்தோமா சபையிலும், பின் சகோதரர் சபையிலும் இருந்து, இரண்டிலும் சாதி தொடர்வதைக் கண்டு வெளியேறினார். 1909ஐ ஒட்டிப் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை உருவாக்கினார். தம் மக்களின் அடிமை வரலாறு எந்த வேதத்திலும் எழுதப்படவில்லை என்பது அவர் பாடல்களின் மையத் துயரம். சட்டாம்பிள்ளை சபையை விட்டார், வேதத்தை விடவில்லை. யோகன்னான் வேதத்தையும் கேள்விக்கு உட்படுத்தினார். ஆகவே பிரிதல் என்பது ஒரே செயல் அன்று; எதிலிருந்து எவ்வளவு தூரம் என்ற பல படிகள் அதில் உண்டு.

பிரிதலின் பலம் வெளிப்படை: தன்மானம் உடனே கிடைக்கிறது. பலவீனங்களும் உண்டு. 1830களில் பிரிந்த வெள்ளாளர் காட்டுவதுபோல், விலகல் அநீதிக்கு எதிராகவும் நடக்கும், அநீதியைக் காக்கவும் நடக்கும். பிரிந்த சபை தனக்குள் புதிய படிநிலையை வளர்த்துக்கொள்வதும் உண்டு. விலகும் வசதி எல்லோருக்கும் சமமாக இருப்பதுமில்லை. நகரத்தில் வேலை உள்ளவர் ஞாயிறு காலை வேறு சபைக்குப் போய்விடலாம். அப்பன் பாட்டன் புதைந்த கல்லறைத் தோட்டம் உள்ள ஊரில் கூலி வேலை செய்பவருக்கு அது அவ்வளவு சுலபமில்லை. வட இலங்கையிலும் தமிழகத்திலும் பெருகிய பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போனவர்களில் எத்தனை பேர் அருளைத் தேடிப் போனார்கள், எத்தனை பேர் அவமானத்திலிருந்து விலகிப் போனார்கள் என்பது பிரித்தறியக் கடினமான கேள்வி.

மூன்றாம் பதில்: உள்ளிருந்து மோது

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல், சீரழியும் நிறுவனத்தின் உறுப்பினருக்கு விலகல், குரல் என்ற இரு வழிகளைச் சொன்னார். எது மேலோங்கும் என்பதை விசுவாசம் தீர்மானிக்கிறது என்றார். தமிழில் இந்தச் சொல் அவர் எண்ணாத பொருளையும் தருகிறது. கடவுள் மேலுள்ள நம்பிக்கைக்கும், எசமானிடம் வேலையாள் காட்டும் பற்றுக்கும் நம்மிடம் ஒரே சொல் விசுவாசம். இரண்டையும் பிரித்துக் காட்டும் முயற்சி என்று தலித் கிறிஸ்தவ இயக்கத்தைப் படிக்கலாம்: கடவுளிடம் விசுவாசம் உண்டு, ஆகவே இந்த ஒழுங்குக்கு விசுவாசமாக இருக்க முடியாது.

மேலிருந்து வந்த குரலுக்கு வடக்கன்குளம் சான்று. 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்கில், கோயிலுக்குள் சாதி உரிமை கோரும் வாதம் எடுபடவில்லை. பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் இந்த வரலாற்றைத் தமிழ் வாசகருக்கு விரிவாக எடுத்துரைத்திருக்கிறார்.

கீழிருந்து வந்த குரல் 1980களில் வலுப்பெற்றது. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. துன்புறும் தலித்தே கடவுளை அறிவதற்கான இடம் என்பது அதன் சாரம். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, தீட்டு என ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ‘ஒரே உலை’ என்பதை இறையியல் கருத்தாக வளர்த்தார்: ஒரே பானையில் பொங்கிச் சேர்ந்து உண்ணாதவர் ஒரே அப்பத்தில் பங்குகொள்வது எப்படி என்ற கேள்வி அது. அவமானத்தின் கருவியையே ஆராதனையின் கருவியாக்கியது, காயத்தை ஆற்றும் வேலையையும் சேர்த்தே செய்தது.

எழுத்திலும் இந்தக் குரல் ஒலித்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. துறவற மடத்தில் ஏழாண்டுகள் இருந்து வெளியேறிய பெண்ணின் தன்வரலாறு அது. கல்வி தந்த கன்னியர் மடமே சாதியையும் வர்க்கத்தையும் நுட்பமாகப் பாதுகாத்ததை அது காட்டுகிறது. நூல் வந்தபோது ஊராரின் கோபத்துக்கு ஆளாகிச் சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாதிருந்ததாகவும் பாமா சொல்லியிருக்கிறார். காயத்தை வெளியே சொன்னால் காயப்படுத்தியவரிடமிருந்து மட்டுமல்ல, சொந்தக்காரர்களிடமிருந்தும் இரண்டாம் காயம் வரலாம்.

இந்தப் பதிலின் விலை எவ்வளவு என்பதை 2008 மார்ச் 9 காட்டிற்று. அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர் சமமான இடமும் தங்களுக்கென்று தனிப் பங்கும் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) கேட்டதைத் தொடர்ந்து வன்னியர் கத்தோலிக்கரோடு மோதல் மூண்டது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தனிப் பங்கு கேட்பது இரண்டு விதமாகவும் வாசிக்கப்பட்டது. அவமானமில்லாத இடத்தில் பூசை காணும் உரிமை அது என்றார்கள் சிலர். வடக்கன்குளத்துச் சுவரை ஊரின் இரு முனைகளுக்கு நகர்த்துவது போலாகும் என்று அஞ்சினார்கள் வேறு சிலர். இரண்டு வாசிப்பிலும் உண்மை உண்டு.

நான்காம் பதில்: மனத்தை ஆற்று

கடந்த முப்பது ஆண்டுகளில் உளவியல் தனக்கென ஒரு மொழியோடு இந்தக் கேள்விக்குள் வந்தது. கென்னத் பார்கமென்ட் 1997இல் வெளியிட்ட நூலில், துன்பத்தில் மதம் கைகொடுக்கும் விதத்தையும் மதமே துன்பத்தைக் கூட்டும் விதத்தையும் பிரித்துக் காட்டினார். 49 ஆய்வுகளைத் தொகுத்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, கடவுள் என்னைத் தண்டிக்கிறார், சபை என்னைக் கைவிட்டது என்ற வகை எண்ணங்கள் மன அழுத்தத்தோடும் பதற்றத்தோடும் சேர்ந்து வருவதைக் காட்டியது. எது காரணம், எது விளைவு என்பதை இத்தகைய ஆய்வுகள் அறுதியிட்டுச் சொல்வதில்லை. ஜெனிஃபர் ஃபிரெய்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் நிறுவனத் துரோகம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். நாம் நம்பிச் சார்ந்திருக்கும் நிறுவனம் தீங்கைத் தடுக்கத் தவறினாலோ மூடி மறைத்தாலோ முதல் தீங்கின் பாதிப்பு இன்னும் ஆழமாகிறது என்பது அதன் சாரம். மார்லின் வினெல் 2011இல் முன்மொழிந்த ‘மதக் காய நோய்க்குறித் தொகுதி’ பரவலாகப் பேசப்படுகிறது. ஆனால் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியல்களில் இடம்பெறவில்லை.

மன்னிப்பைப் பற்றிய ஆய்வுகளும் உதவுகின்றன. மன்னிப்பதும் மீண்டும் உறவாடுவதும் வேறு வேறு என்று ராபர்ட் என்ரைட் வலியுறுத்துகிறார். மன்னிக்க முடிவெடுப்பதும் மனத்தளவில் கசப்பு கரைவதும் வேறு என்கிறார் எவரெட் வொர்திங்டன். தமிழ்ச் சபைகளில் இவை ஒன்றாகவே குழைக்கப்படுகின்றன. ‘மன்னித்துவிட்டால் ஏன் இன்னும் கோயிலுக்கு வரவில்லை?’ என்ற கேள்விக்குப் பின்னால் இருப்பது இந்தக் குழப்பம். தியான மையங்களில் ‘உள்மனக் காயங்கள்’ ஆறும்படி செபிப்பது வழக்கம். பலருக்கு அது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் பேசப்படுவது தகப்பன் தந்த காயம், கணவன் தந்த காயம். பங்கு தந்த காயத்தை அந்தப் பட்டியலில் காண்பது அரிது.

உளவியல் பதிலின் எல்லை அதன் அளவிலேயே இருக்கிறது. அது தனியாளை எதிரே உட்காரவைத்துப் பேசுகிறது. சாதி தந்த காயமோ குடும்பமாக, தெருவாக, தலைமுறையாகப் படுவது. சப்பரம் தங்கள் தெருவுக்குள் வராமல் திரும்பிப் போவதைப் பார்க்கும் சிறுமியின் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை ஆலோசகர் விளக்கலாம். சப்பரத்தைத் தெருவுக்குள் திருப்ப அவரால் முடியாது. மேலும் இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவில், தனியாக ஒரு சபையைத் தேர்ந்து சேரவும் விலகவும் கூடியவர்களிடம் நடந்தவை. பிறப்பால் ஒரு பங்குக்கு உரியவராகும் சமூகத்துக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதில் எச்சரிக்கை தேவை.

ஐந்தாம் பதில்: நிறுவனம் பொறுப்பேற்கட்டும்

மேற்சொன்ன நான்கும் காயப்பட்டவரை நோக்கியே பேசுகின்றன: பொறு, போ, மோது, ஆறு. காயப்படுத்திய நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி தாமதமாக வந்தது. அதுவும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. அயர்லாந்தில் சிறார் மீதான கொடுமைகளைப் பற்றி 2009இல் வெளியான ரயன், மர்ஃபி அறிக்கைகள், ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரச விசாரணை ஆணையம், பிரான்ஸில் 1950 முதல் குருமாராலும் துறவியராலும் பாலியல் தீங்குக்கு ஆளான சிறார் எண்ணிக்கையை ஏறத்தாழ 2,16,000 என மதிப்பிட்ட 2021ஆம் ஆண்டு சோவே ஆணையம் ஆகியவை இதன் மைல்கற்கள். ஆவணங்களைத் திறத்தல், பாதிக்கப்பட்டவர் பேசக் கேட்டல், இழப்பீடு, பொது மன்னிப்பு என்று ஒரு நடைமுறை உருவானது.

சாதிக் காயத்துக்கு இத்தகைய ஆணையம் எதுவும் அமைந்ததில்லை. ஒப்புதல்கள் மட்டும் படிப்படியாக வந்தன. 1982இல் திருச்சியில் கூடிய இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்றது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதி மனப்பான்மை திருச்சபையின் பணியைக் குலைக்கிறது என்று எச்சரித்தார். 2016 டிசம்பரில் ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினாலானார்.

ஒப்புக்கொள்வதற்குள் ஒரு சிக்கலான அரசியலும் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் வெளியேதான். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. ஆக, தலித் கிறிஸ்தவருக்கு உரிமை கிடைக்க வேண்டுமானால் திருச்சபை தன் அழுக்கைத் தானே நீதிமன்றத்தில் விரித்துக் காட்ட வேண்டும். அரசின் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போவது எளிது, கல்லறைத் தோட்டத்துக்குள் நிற்கும் சுவரைப் பற்றிப் பேசுவது கடினம் என்ற விமர்சனத்தைத் தலித் கிறிஸ்தவ இயக்கங்கள் தொடர்ந்து எழுப்பி வந்திருக்கின்றன.

இந்தப் பதிலுக்கும் பலவீனம் உண்டு. பாலியல் குற்றத்தில் செய்தவர் ஒருவர், மூடி மறைத்தவர் சிலர், பாதிக்கப்பட்டவர் ஒருவர். விசாரணை நடைமுறை அந்த அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை. சாதியிலோ காயப்படுத்தியவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். அதே பங்கின் விசுவாசிகள். அவர்கள் சார்பில் ஆயர் மன்னிப்புக் கேட்டால் அவர்களே அதை ஏற்பதில்லை. 1990 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் மாநாட்டில் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் வில்லி யோங்கர், தம் திருச்சபை இழைத்த நிறவெறிப் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு எழுந்து அதை ஏற்றுக்கொண்டார். எங்கள் எல்லோர் சார்பிலும் மன்னிக்க உமக்கு யார் அதிகாரம் தந்தது என்று அங்கேயே அவரைக் கேட்டவர்களும் இருந்தார்கள்.

மதிப்பீடு: தீர்ந்ததும் தீராததும்

ஐந்து பதில்களும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. ஒரே குடும்பத்தில் பாட்டி பொறுத்திருக்கலாம், மகன் மோதலாம், பேத்தி விலகலாம். மூவரில் யாரையும் கோழை என்றோ துரோகி என்றோ சொல்ல இந்த வரலாறு இடம் தரவில்லை. எந்தப் பதில் சரி என்பது பெரும்பாலும் அவரவர் கையில் இருந்த வழிகளைப் பொறுத்தே அமைந்திருக்கிறது.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று, ஒப்புதலுக்கு முன்னால் கேட்கப்படும் மன்னிப்பு பெரும்பாலும் காயத்தை மூடுகிறதே தவிர ஆற்றுவதில்லை. ஒப்புதலும் பொதுவாக இருந்தால் போதாது. ‘சாதி பாவம்’ என்ற அறிக்கையைவிட ‘இந்தச் சுவர், இந்த வரிசை, இந்தத் தெரு’ என்று சுட்டிச் சொல்லும் ஒப்புதலே மாற்றத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது. இரண்டு, கட்டளை தனியே போதவில்லை. 1833 சுற்றறிக்கை சாதியை ஒழிக்கவில்லை. சாதியோடு சிலரை வெளியே அனுப்பியது. வடக்கன்குளத்தில் சுவர் இடிந்து நூறாண்டு ஆகப்போகும் வேளையில்தான் எறையூரில் துப்பாக்கி வெடித்தது.

தீராதவை அதிகம். தலைமுறைகளுக்கு இழைத்த தீங்கை இன்று இருப்பவர் மன்னிக்க முடியுமா, யார் சார்பில் மன்னிப்பது என்ற கேள்வி ரஸ்டன்பர்க்கிலும் முடியவில்லை, இங்கே சரியாகத் தொடங்கப்படவுமில்லை. தனிப் பங்கு விடுதலையா, சுவரின் மறுவடிவமா என்பதற்கு ஊருக்கு ஊர் விடை மாறலாம். சண்டை போடாமல், எழுதாமல், ஒரு ஞாயிறு முதல் வராமலே போனவர்களைப் பற்றி எந்தப் பங்குப் பதிவேடும் பேசுவதில்லை. அவர்கள் இல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது.

மிஞ்சி நிற்பது ராஜநாயக்கன் விஷயத்தில் போடப்பட்ட அந்தப் பழைய கணக்கு. மேலே உள்ளவர் மனம் கோணாமல் இருக்கக் கீழே உள்ளவர் பொறுக்க வேண்டும் என்று ஒரு சபை தீர்மானிக்கும்போதெல்லாம், அது பெரும்பாலும் சமாதானம், ஒற்றுமை, பலவீனர் மேல் கரிசனம் என்ற நல்ல சொற்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரம், பொன்மோதிரக்காரருக்கு நல்ல ஆசனமும் கந்தைக்காரருக்குக் கால்மாட்டில் இடமும் தரும் சபையைக் கண்டிக்கிறது. அந்த அதிகாரம் தரங்கம்பாடியிலும் வடக்கன்குளத்திலும் வாசிக்கப்படாமல் இருந்திருக்காது. வாசித்தவர்கள் எந்த இருக்கையிலிருந்து கேட்டார்கள் என்பதே அதன் பொருளைத் தீர்மானித்ததோ என்னவோ. இனி வரும் பதில்கள் எதுவானாலும், அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதியிருக்கின்றனவா என்று பார்ப்பதே அவற்றைச் சோதிக்கும் முதல் வழி.